ஹாரியட் ஸ்காட்டின் மனு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1857ஆம் ஆண்டில் வழங்கிய டிரெட் ஸ்காட் தீர்ப்பைச் சட்ட மாணவர்களுக்கு நடத்திய காலமெல்லாம், அவருடைய மனைவி ஹாரியட்டின் பெயரைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவேன். இன்றும் அப்படியே தொடங்குகிறேன்.

1846 ஏப்ரல் 6ஆம் நாள், மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகர நீதிமன்றத்தில், அடிமைகளாயிருந்த இவ்விருவரும் விடுதலை கோரித் தனித்தனியே மனுத் தாக்கல் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால், கையெழுத்து இட வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி ஒன்றைப் போட்டார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு மனுக்கள் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அங்கிருந்த சட்டம். தந்தை விடுதலை பெற்றாலும் பிள்ளைகளுக்கு அதனால் பயனில்லை. ஹாரியட்டுக்கு எலைசா, லிசி என்று இரண்டு பெண் குழந்தைகள். தாயின் மனு வென்றால்தான் அந்தக் குழந்தைகளை யாரும் விற்க முடியாது. ஆகவேதான் ஹாரியட்டின் மனு முதன்மையானது என்கிறேன்.

அவர்கள் கேட்டது புதிய உரிமையும் அன்று. டிரெட் ஸ்காட்டை வாங்கிய இராணுவ மருத்துவர் ஜான் எமர்சன், அடிமை முறை இல்லாத இல்லினாய் மாநிலத்துக்கும், பிறகு 1820ஆம் ஆண்டின் மிசௌரி சமரசச் சட்டம் அடிமை முறையைத் தடை செய்திருந்த வடபகுதியின் ஸ்னெல்லிங் கோட்டைக்கும் அவரைக் கொண்டுபோய் வைத்திருந்தார். ஹாரியட்டை டிரெட் மணந்ததும் அந்தக் கோட்டையில்தான். அதே கோட்டையில் வைக்கப்பட்டிருந்த ரேச்சல் என்ற அடிமைப் பெண்ணை, 1836இல் மிசௌரி உச்ச நீதிமன்றமே விடுவித்திருக்கிறது. அந்த முன்தீர்ப்பின் வழியே 1850இல் ஜூரிகள் இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அந்த ஆண்டிலேயே, வழக்கறிஞர்களின் உடன்பாட்டினால் ஹாரியட்டின் மனு கணவரின் மனுவுக்குள் அடங்கிவிட்டது. வரலாற்றில் அவர் பெயர் மறைந்ததும் அப்போதுதான். 1852இல் மிசௌரி உச்ச நீதிமன்றம், காலம் முன்போல் இல்லை என்று காரணம் கூறி, ஜூரிகள் தந்த விடுதலையைப் பறித்தது. வழக்கு நடந்த ஆண்டுகளில், உள்ளூர்ச் சட்ட அதிகாரியான ஷெரிப் அவர்களைக் கூலி வேலைக்கு அனுப்பி, வெல்பவருக்குக் கொடுப்பதற்காக அந்தக் கூலியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். உழைத்தவர் கையில் காசு சேரவில்லை.

பிறகு வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வழியே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1857 மார்ச் 6ஆம் நாள், அதன் தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பை வாசித்தார். எழுவர் ஒருபக்கம், இருவர் மறுபக்கம். கறுப்பின மக்கள், அடிமைகளாயினும் விடுதலை பெற்றவர்களாயினும், அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது. ஆகவே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமையே அவர்களுக்கு இல்லை என்பது அத்தீர்ப்பு. மிசௌரி சமரசச் சட்டமும் செல்லாது என்றார். அரசியல் சட்டம் எழுதப்படும் முன்பே ஐந்து மாநிலங்களில் கறுப்பின ஆண்கள் வாக்களித்திருக்கிறார்களே என்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ், அவ்வாண்டிலேயே பதவியை விட்டு விலகினார்.

நேரம் நெருங்கிவிட்டதால் மற்றவற்றைச் சுருக்கியே சொல்ல வேண்டியிருக்கிறது. 1857 மே மாதம், எமர்சனுக்கு முன் டிரெட்டை உடைமையாக வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த டெய்லர் புளோ நால்வரையும் விடுவித்தார். டிரெட் மறு ஆண்டே காசநோயால் இறந்தார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அரசியல் சட்டத்துக்கு 1868ஆம் ஆண்டில் வந்த 14ஆம் திருத்தம் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களைக் குடிமக்கள் என்று அறிவித்தது. ஹாரியட் அப்போது உயிரோடிருந்தார். துணி வெளுத்துப் பிழைத்த அந்த அம்மையார், அதன்பின் 8 ஆண்டுகள் குடிமகளாகவே வாழ்ந்து, 1876இல் செயின்ட் லூயிஸ் நகரில் காலமானார்.