உள்ளங்காலுக்குக் கண்ணாடி வேண்டும்

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, அறுவை சிகிச்சைத் துறையின் மூத்த பேராசிரியப் பெருமக்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, நாள் தவறாமல் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும் செவிலியச் சகோதர சகோதரிகளே, நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்கள் அறிமுகவுரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியை நம்பலாம். அத்தனை அலுவல்களுக்கு நடுவிலும் முழு அமர்வுக்கும் இருக்கிறேன் என்று சொன்ன முதல்வர் அவர்களுக்கு நன்றி. செவிலியர் கண்காணிப்பாளர் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். புண் பராமரிப்புக் கருத்தரங்கில் அவர் இருக்க வேண்டிய இடம் மேடை. அமைப்பாளர்கள் அடுத்த முறை இதைக் கவனிக்க வேண்டும்.

எனக்குத் தந்த தலைப்பு 'தோல், புண் பராமரிப்பு: அண்மை ஆய்வும் நடைமுறையும்'. ஐந்து செய்திகள் சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்: புண்ணைக் கழுவுவது, ஈரம் காப்பது, கிருமி, படுக்கைப்புண், புதிய மருந்துகள். நேரம் இடம் கொடுத்தால் ஐந்தையும் தொடுகிறேன்.

'கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு' என்பார்கள். கண்ணெதிரே இருப்பதற்குச் சாட்சி வேண்டாம் என்று பொருள். புண் பராமரிப்பில் பாதி வேலை இந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடும். கட்டைப் பிரி, பார், அளந்து எழுது. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் வாரம் ஒருமுறை ஒரே முறையில் அளந்து எழுதினால் போதும். சர்க்கரை நோயாளியின் காலில் உள்ள புண் நான்கு வாரத்தில் பாதிப் பரப்பாவது சுருங்கவில்லை என்றால், பன்னிரண்டு வாரத்தில் அது மூடும் வாய்ப்புக் குறைவு. அந்த நான்காம் வாரத்திலேயே நின்று, ரத்த ஓட்டம், அழுத்தம், கிருமி, சர்க்கரை அளவு என எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். 'இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்' என்று அதே களிம்பை எழுதிக் கொடுப்பதுதான் நடைமுறையில் நாம் பார்ப்பது.

முதலில் கழுவுவது. 0.9 சதவீத சலைன் போதும்; சுத்தமான குடிநீரும் போதும். குளிர்ந்த நீரை ஊற்றினால் புண்ணின் வெப்பம் இறங்கி, செல்கள் பிரிவது மந்தமாகும். உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். எவ்வளவு வேகம் என்பதும் முக்கியம். 35 மில்லி சிரிஞ்சில் 19 கேஜ் ஊசியைப் பொருத்தி அழுத்தினால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 8 பவுண்டு அழுத்தம் கிடைக்கும். 4க்குக் கீழே போனால் அழுக்கு அசையாது. 15க்கு மேலே போனால் கிருமியைத் திசுவுக்குள் தள்ளிவிடுவோம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்கும்போது மனதுக்குத் திருப்தியாக இருக்கும். அந்த நுரை கிருமியோடு சேர்த்துப் புதுத் திசுவை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களையும் கொல்கிறது. ஆறிவரும் சிவந்த புண்ணில் அதற்கு வேலை இல்லை.

இரண்டாவது, ஈரம். 'காற்றுப் பட்டால்தான் காயும்' என்ற நம்பிக்கையை ஜார்ஜ் விண்டர் 1962இல் உடைத்தார். பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடியவை ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மேல்தோல் போர்த்தன. காரணம் எளிது. காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுச் செல் குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரமான பரப்பில் நேராக நகர்ந்துவிடும். ஆனால் ஈரம் வேறு, ஊறல் வேறு. புண்ணின் ஓரம் வெள்ளையாகி நைந்திருந்தால் கட்டு போதவில்லை என்று அர்த்தம்: கசிவை உறிஞ்சும் ஆல்ஜினேட் கட்டோ ஃபோம் கட்டோ வையுங்கள், அல்லது மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். காஸ் துணி ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது ரத்தம் வந்தால் எதிர்த் தவறு, ஈரம் தரும் ஹைட்ரோஜெல் தேவை. இதில் ஒரு விலக்கை எல்லாரும் மறக்கிறோம். ரத்த ஓட்டம் இல்லாத காலில், குதிகாலில் கெட்டியாகக் காய்ந்து, ஓரம் சிவக்காமல், கசியாமல் ஒட்டியிருக்கும் கருப்புப் பொருக்கை நனைக்கக் கூடாது, வெட்டவும் கூடாது. காய்ந்தபடியே காத்து, முதலில் ரத்தக்குழாய் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மூன்றாவது, கிருமி. நாள்பட்ட புண் எதுவும் கிருமியில்லாமல் இருக்காது. அதனால் மேலே பஞ்சை ஒற்றியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஏதாவது ஒன்று வளரத்தான் செய்யும். அந்தச் சீட்டைப் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதுவது நோய்க்கு வைத்தியம் ஆகாது, சீட்டுக்குத்தான் வைத்தியம். சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ் இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் தொற்று. அப்போதும் அழுகலை அகற்றிக் கழுவிய பிறகு, அடித் திசுவிலிருந்து மாதிரி எடுங்கள். புண்ணுக்குள் மழுங்கிய உலோகக் கம்பியை விட்டால் எலும்பு 'டொக்' என்று தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். எலும்புத் தொற்று எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். கம்பிக்கு அன்றைக்கே தெரியும்.

இனி நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம், சரி. உள்ளங்காலில் இருக்கிற புண்ணுக்கு? வலியும் தெரியாது, கண்ணுக்கும் எட்டாது. சர்க்கரை நோயாளிக்கு வாழ்நாளில் காலில் புண் வரும் வாய்ப்பு 19 முதல் 34 சதவீதம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆறிய பிறகு ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு மறுபடி வருகிறது.

வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நமக்குக் கற்றுக் கொடுத்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர், வேலூரில் தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்தவர். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் என்ன நம்பினார்கள்? தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று. பிராண்ட் ஒருநாள் ஒரு கிடங்கின் கதவைத் திறக்கப் போகிறார். பூட்டு துருப்பிடித்திருக்கிறது. பலம் கொண்ட மட்டும் திருகுகிறார், சாவி அசையவில்லை. பக்கத்தில் ஒரு சிறுவன், நோயாளி, ஒல்லியான உடம்பு. 'நான் பார்க்கிறேன், டாக்டர்' என்கிற தோரணையில் சாவியை வாங்குகிறான், ஒரே திருகு, பூட்டு திறந்துவிட்டது! பெரியவரால் முடியாததைச் சின்னப் பையன் எப்படிச் செய்தான்? பிராண்ட் தரையைப் பார்க்கிறார், ரத்தத் துளி. பையனின் கையைப் பிடித்துப் பார்த்தால், சாவி விரலை எலும்பு வரை கிழித்திருக்கிறது. பையனுக்குத் தெரியவே தெரியாது. நமக்கென்றால் தோல் கிழிவதற்கு முன்பே வலி 'விடு' என்று சொல்லியிருக்கும். அவனுக்கு அந்தக் குரல் இல்லை, அதனால்தான் அத்தனை பலம். அதோடு முடியவில்லை. சில நோயாளிகளுக்கு ராத்திரியோடு ராத்திரியாக விரலில் ஒரு பகுதி காணாமல் போகும். நோய் தின்றதா என்று விழித்திருந்து பார்த்தால், தின்றது எலி. தூங்குகிறவனுக்கு உறைக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிற நோயாளிக்குக் கையில் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள்! (சிரிப்பு) சிரிக்கலாம், ஆனால் புண் தடுப்பில் அதைவிடச் சரியான மருந்துச் சீட்டை நான் அறியேன்.

சர்க்கரை நோயால் நரம்பு செத்த பாதமும் அந்தப் பையனின் கை போலத்தான். செருப்புக்குள் கிடக்கும் கல், ஆணியின் முனை, வெந்நீர் ஒத்தடம், எதுவும் உறைக்காது. ஆகவே முதல் கேள்வி, இந்தக் காலுக்கு உணர்வு இருக்கிறதா? அதற்குக் கருவியே இல்லாமல் ஒரு சோதனை உண்டு, இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் உருவானது. நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆட்காட்டி விரலின் நுனியால் இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒன்று அல்லது இரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். மொத்தம் ஆறு இடம், ஓரிடத்துக்கு ஒரு முறை. தொட்டது தெரிந்தால் 'வலது', 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. அழுத்தினால் ஆழத்திலுள்ள நரம்பு சொல்லிவிடும், சோதனை பொய்யாகும். வீட்டில் மகளோ மருமகனோ செய்யலாம். ஒரு நிமிடம் ஆகுமா?

மருத்துவமனையில் என்றால் 10 கிராம் மோனோஃபிலமென்ட், அதாவது 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை. முதலில் நோயாளியின் கையில் தொட்டு எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். பிறகு கட்டைவிரலின் அடி, அதன் கீழுள்ள மேடு, சுண்டுவிரலின் கீழுள்ள மேடு என மூன்று இடத்தில், இழை வளையும் வரை நேராக அழுத்தி, சுமார் இரண்டு விநாடியில் எடுங்கள். ஓரிடத்தில் மூன்று முறை கேளுங்கள். அதில் ஒருமுறை தொடாமலே கேளுங்கள். மூன்றுக்கு இரண்டு சரியாகச் சொன்னால் அங்கே உணர்வு இருக்கிறது. நாம் செய்யும் பிழைகள்: நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்வது, தோல் தடித்துப்போன இடத்தில் குத்துவது, 'தெரியுதா, தெரியுதா' என்று கேட்டு அவரை 'ஆமாம்' சொல்லப் பழக்குவது, ஒரே இழையை இடைவிடாமல் பயன்படுத்துவது. இழை களைத்து முன்னதாகவே வளையும். பத்துப் பேருக்குப் பிறகு ஒருநாள் ஓய்வு கொடுங்கள்.

அடுத்தது ரத்த ஓட்டம். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே வந்தால் குழாய் அடைப்பு. சர்க்கரை நோயில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அமுங்காமல் நின்று, கணக்கு 1.3, 1.4 என்று வரும். அது நல்ல செய்தி இல்லை. அப்போது கால் கட்டைவிரலில் ரத்த அழுத்தத்தை அளவெடுங்கள். அங்கே 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தால் காத்திருக்க நேரமில்லை.

உள்ளங்காலில் புண் வந்தே விட்டால், மேலே தடவுவது எதுவாயினும் இரண்டாம் பட்சம். அழுத்தத்தை எடுக்க வேண்டும். சுற்றியுள்ள தடிப்பைப் பயிற்சி பெற்றவர் சீவினாலே அங்கே அழுத்தம் ஏறத்தாழ கால்வாசி குறையும். நரம்பு செத்து, ரத்த ஓட்டமும் கிருமியும் பெரிய சிக்கல் ஆகாத உள்ளங்கால் புண்ணுக்கு முழங்கால் உயரத்தில், நோயாளியால் கழற்ற முடியாத மாவுக்கட்டோ பூட்ஸோதான் முதல் தேர்வு. கழற்ற முடியாததாக ஏன் இருக்க வேண்டும்? கழற்றக்கூடிய பூட்ஸ் கொடுத்தவர்களின் நடையை எண்ணிப் பார்த்தார்கள், அன்றாட நடையில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு நடந்தது. மீதி எல்லாம் புண்ணின் மேல். ரத்த ஓட்டம் மிகக் குறைவாகவோ தொற்று கடுமையாகவோ இருந்தால் இந்தக் கட்டு கூடாது. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சுட்டால் செல்லுலைட்டிஸ், அதாவது தோலடித் தொற்று என்று மாத்திரை எழுதி அனுப்பாதீர்கள். அது உணர்வு போன பாதத்தில் எலும்பும் மூட்டும் சிதையும் ஷார்கோ பாதமாக இருக்கலாம். நடக்கவிட்டால் எலும்புகள் நொறுங்கி வளைந்துவிடும்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பொறுமை அதிகம், இதற்கு முன்பே அனுப்பியிருக்க வேண்டும். படுக்கைப்புண்ணுக்கு ஒரே ஒரு வார்த்தை. கருத்த தோலில் முதல் கட்டச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. புறங்கையால் தொட்டுச் சூடா, கெட்டியா என்று பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், வளையம் போன்ற மெத்தையையும் வைக்காதீர்கள். புதிய மருந்துகளில் ஒன்று. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற மருந்து சேர்ந்த கட்டு, 2018இல் வெளியான இரட்டை மறைப்பு ஆய்வில் (யாருக்கு எந்தக் கட்டு என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது), நரம்பும் ரத்த ஓட்டமும் கெட்ட பாதப் புண்களில் 20 வாரத்துக்குள் 48 சதவீதத்தை மூடியது. சாதாரணக் கட்டு 30 சதவீதம். அந்த ஆய்விலும் அழுத்தம் நீக்குவது இரு தரப்புக்கும் உண்டு. அதை விட்டுவிட்டுக் கட்டை மட்டும் வாங்குகிறோம். கொப்புளத் தோல் நோய்க்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணுக் களிம்பு பற்றிப் பேச இப்போது நேரமில்லை.

மறுபடி பழமொழிக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்றது பார்வையுள்ளவருக்கு. சர்க்கரையால் கண்ணும் மங்கிய நோயாளிக்குக் கண்ணாடி கொடுத்தும் பயனில்லை, வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். மற்றவர்கள் தரையில் கண்ணாடியை வைத்து, அதற்கு மேல் பாதத்தைக் காட்டி, தினமும் பார்க்கட்டும். செருப்பு மாட்டும் முன் கையை விட்டுத் துழாவட்டும். களிம்பைப் பாதத்தில் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். தோல் வெப்பமானி இருந்தால் இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை ஒப்பிடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடையைக் குறைத்து மருத்துவரிடம் வாருங்கள்.

அவையின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். வெளிநோயாளிச் சீட்டில் மூன்று வரி சேர்க்க வேண்டும்: காலுறை கழற்றிப் பார்த்தேன், ஆறு விரல் சோதனையின் முடிவு, பாத நாடி உண்டா இல்லையா. கீழே பார்த்தவரின் கையெழுத்து. உணர்வு இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, உணர்வு போனவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, ஏற்கெனவே புண் வந்து ஆறியவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை. உணர்வு போனவர் ஒவ்வொருவருக்கும் மருத்துவமனை ஒரு கைக்கண்ணாடி தர வேண்டும். வழிமொழிய செவிலியர் கண்காணிப்பாளரை அழைக்கிறேன். படிவத்தின் மாதிரி வாசலருகே மேசையில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துப் போய், நாளைக்குக் காலையில் வரும் முதல் நோயாளிக்கே நிரப்பிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.