டெங்கை அடக்குவது தொழில்நுட்பமா, வீட்டாரின் கையா? 'வீட்டாரின் கையே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியில் ஒருவர் புகை இயந்திரத்தோடு வந்தார். இன்னொருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். மூன்றாமவர், டெங்கு வைரசை நுளம்புக்குள் பெருக விடாத வொல்பாக்கியா என்ற கிருமி ஏற்றிய நுளம்பையே மேடைக்குக் கூட்டி வந்துவிட்டார். ஆனால் ஒருவரும் வளவுக்குள் இறங்கவில்லை.

புகையை எடுப்போம். பறக்கும் நுளம்பின் மேல் மருந்துத் துளி பட்டால்தான் அது சாகும். டெங்கு நுளம்போ கட்டிலுக்குக் கீழேயும், கொடியில் தொங்கும் சாறன் மடிப்பிலும் ஒதுங்கிக் கிடக்கும். புகைச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நாங்கள் யன்னலைச் சாத்திவிடுவோம்! தண்ணீருக்குள் நெளியும் குடம்பியை அந்தப் புகை தொடுவதே இல்லை. காய்ச்சல்காரர் இருக்கும் வீட்டைச் சுற்றி உடனே அடிக்க அது வேண்டும், மறுக்கவில்லை. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வொல்பாக்கியா நல்ல வேலைதான். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் டெங்கு 77 வீதம் குறைந்ததாக 2021இல் ஆய்வு வெளிவந்தது. ஆனால் மாதக்கணக்கில் நுளம்பை விட்டு, அது உள்ளூர் நுளம்போடு கலந்து பெருக வேண்டும். மட்டக்களப்பில் மாரி அதுவரை பொறுக்குமா? ட்ரோன் அடைபட்ட கூரைப் பீலியைப் படமெடுக்கும், சரி. ஏணி வைத்து ஏறி இலையை அள்ளுவது யார்?

இப்போது வளவுக்கு வாருங்கள். தயிர் தின்று முடித்த சட்டி வேலியோரம் கிடக்கிறது. மண்சட்டி, உட்புறம் சொரசொரப்பு, எப்போதும் ஈரம். பெண் நுளம்பு முட்டை ஒட்டத் தேடுவது இப்படியான இடத்தைத்தான். தண்ணீருக்குள் அல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டும். சட்டி காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே கவிழ்த்து ஊற்றுவது பாதி வேலைதான். தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றி, பொச்சுமட்டையால் உட்சுவரை அழுத்தித் தேய்த்து, பிறகு கவிழ்க்க வேண்டும். முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் ஆகும். வெப்பம் கூடினால் அதுவும் சுருங்கும். அதனால் வாரத்தில் ஒரு நாள் தப்பாமல் செய்ய வேண்டும். காலநிலை மாற்றம் என்று எதிரணி பயமுறுத்தியது எங்கள் கட்சிக்குத்தான் சாட்சி.

'எங்கட கிணறு உவர், நுளம்பு வராது' என்பார்கள். அந்த நம்பிக்கை 2011லேயே உடைந்தது. இலங்கைக் கரையோரத்தில் ஆராய்ந்தவர்கள், லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீரிலும் குடம்பியைக் கண்டார்கள். கடல்நீரில் உப்பு 35 கிராம் அளவு. எங்கே கண்டார்கள்? கைவிட்ட தோணியில், பாவிக்காத கிணற்றில், எறிந்த போத்தலில். வாவிக்கரையில் ஏற்றி வைத்த தோணியைக் கவிழ்த்து வையுங்கள். பாவிக்காத கிணற்றைச் சிறுகண் வலையால் இறுக மூடுங்கள். ஊற்ற முடியாத சீமெந்துத் தொட்டிக்கு, குடம்பியைக் கொல்லும் மருந்தான டெமிபொஸ் கலந்த மணல், 1 வீதக் கலவை என்றால் 100 லீற்றருக்கு 10 கிராம். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டே போடுங்கள். பிரிட்ஜின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு, இளநீர்க் கோம்பை எல்லாம் கையோடு முடிகிற வேலை.

வீட்டார் சோம்பேறிகள் என்று எதிரணி இடித்துரைத்தது. இருக்கட்டும். அடுத்துப் பேசவரும் அவர்களின் தலைவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: இன்று மாலை புகையடித்தீர்கள், நாளைக் காலை அந்தத் தயிர்ச்சட்டியிலிருந்து கிளம்புகிற நுளம்பை எந்த இயந்திரத்தால் மறிப்பீர்கள்?