தேர்வு வைப்பவரைத் திருத்துவது யார்?

கோத்தகிரியில் பெற்றோர், ஆசிரியர் கூட்டத்தில் பேசியது

எல்லோருக்கும் வணக்கம். இந்த மழையிலும் பந்தலூரிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2024 நீட் தேர்வில் அணுவைப் பற்றி ஒரு கேள்வி. மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் புதிய புத்தகப்படி ஒரு விடை, பழைய புத்தகப்படி இன்னொன்று. நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை இரண்டுக்குமே மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐஐடி நிபுணர்கள் மூவர் பார்த்து, ஒரு விடைதான் சரி என்றார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்தைந்து மதிப்பெண் போனது. முதலில் 67 பேர் வாங்கியிருந்த முழு மதிப்பெண் 720, கடைசியில் 17 பேருக்குத்தான் மிஞ்சியது.

நம் மலைப் பிள்ளைகள் பலர் அக்கா, அண்ணன் படித்துவிட்டுக் கொடுத்த புத்தகத்தில்தான் படிக்கிறார்கள். அதை வரி விடாமல் படித்த பிள்ளை என்ன தப்பு செய்தது? ரிசல்ட்டுக்கு முன்பே விடைக்குறிப்பை எதிர்க்க வழி இருந்தது, கேள்விக்கு 200 ரூபாய் கட்டி. ஆனால் அந்த ஆட்சேபத்தைப் பார்ப்பதும் முகமை அமர்த்திய நிபுணர்களே. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம், கருணை மதிப்பெண். நேரம் வீணானதென்று 1,563 பேருக்குக் கொடுத்தார்கள். 718, 719 என்று இந்தத் தேர்வில் வரவே முடியாத மதிப்பெண்களைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்ட பிறகுதான் விளக்கம் வந்தது. பிறகு அதை ரத்து செய்து மறுதேர்வு வைத்தார்கள். கண்காணிக்கும் வேலையைப் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் செய்திருக்கிறார்கள்!

இந்த முகமை சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். அதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. இங்கிலாந்தில் தேர்வு நடத்துபவர்கள் வேறு, அவர்களைக் கண்காணிக்கும் ஆஃப்குவால் வேறு. அதுவும் சட்டப்படி நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைப்பு. அதுவும் தவறியது. 2020இல் கொரோனாவால் தேர்வு நடக்காமல், சூத்திரம் போட்டு கிரேடு கொடுத்ததில் பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் மதிப்பிட்ட கிரேடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கிப்போனது. நான்கே நாளில் அதைக் கைவிட்டார்கள். செப்டம்பர் தொடக்கத்திலேயே நாடாளுமன்றக் குழு அதிகாரிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. புள்ளிவிவரக் கண்காணிப்பு அமைப்பு தனியாக ஆராய்ந்து 2021 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. தவறு எங்கேயும் நடக்கும். அதைத் தோண்டிப் பார்க்க வெளியாள் ஏற்கெனவே இருந்தார், அதுதான் வித்தியாசம்.

இங்கேயும் இஸ்ரோ முன்னாள் தலைவர் ராதாகிருஷ்ணன் தலைமையில் தேர்வுச் சீர்திருத்தத்துக்குக் குழு போட்டார்கள், 101 பரிந்துரைகள் வந்தன. நல்லது. ஆனால் அது கல்வி அமைச்சகம் போட்ட குழு, அறிக்கை கொடுத்ததும் கலைந்துவிடும். மைய வாரியான மதிப்பெண்கள்கூட 2024 ஜூலையில் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வெளியாயின. அவை ஒவ்வோர் ஆண்டும் தானாகவே வர வேண்டும். முகமையும் அமைச்சகமும் நியமிக்காத நிரந்தரக் கண்காணிப்பு அமைப்பு சட்டப்படி வேண்டும். விடைக்குறிப்பு ஆட்சேபங்களின் மேல்முறையீடு அதனிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் மனுவாக எழுதி நம் எம்.பி.க்குக் கொடுக்கப் போகிறோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், மாற்றம் வேண்டுமென்றால் ஓரத்தில் எழுதுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.