எப்படி இருந்தாள்?

(ஒரு பொறியியல் கல்லூரியின் மகளிர் விடுதியில், மறைந்த மாணவியின் நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் தோழியை நான் பார்த்ததில்லை. வாசலில் படத்துக்குப் பூ வைத்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். அங்கிருந்து இந்த மேடைக்கு வருவதற்குள் மூன்று பேர், அவள் எப்படிப் போனாள் என்று சொல்லிவிட்டார்கள். எப்படி இருந்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, தங்கைகளே. சின்ன வயதுச் சாவு அப்படித்தான். வாழ்ந்த அத்தனை வருஷத்தையும் அந்த ஒரு நாள் விழுங்கிவிடும். அதனால்தான் இன்றைக்கு ஜூடித் ரெஸ்னிக் என்ற பெண்ணைப் பற்றிப் பேச நினைத்தேன்.

பெயர் பலருக்குத் தெரிந்திருக்காது. சேலஞ்சர் என்றால் தெரியும். 1986 ஜனவரி 28 அன்று கிளம்பிய 73ஆவது விநாடியில் சிதறிப்போனதே, அந்த விண்கலத்தில் இருந்த ஏழு பேரில் ஒருத்தி. வயது 36. உலகத்துக்கு அவள் அந்த 73 விநாடிதான். கூடப் படித்தவர்களுக்கு அவள் ஜூடி.

ஓஹியோ மாநிலத்தில் ஆக்ரன் அவளுக்குச் சொந்த ஊர். யூதக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது, அப்பாவோடுதான் இருப்பேன் என்று நீதிமன்றம் வரை போய்ச் சாதித்தவள். பியானோவைக் கச்சேரி செய்யும் அளவுக்கு வாசிப்பாள். 1966இல் பிட்ஸ்பர்க்கில் கார்னகி கல்லூரியில் சேர்ந்தாள். முதலில் கணக்கு, பிறகு எலக்ட்ரிக்கல். அந்தத் துறையில் படித்த பெண்கள் மொத்தமே மூன்று பேர் என்பார்கள். இந்த அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்தத் தனிமையை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம்.

அந்த நாட்டுக் கல்லூரிகளில் ‘சொரோரிட்டி’ என்று ஒன்று உண்டு. லத்தீனில் ‘சொரோர்’ என்றால் உடன்பிறந்தாள். மாணவிகள் சேர்ந்து, கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் சகோதரி என்றே சொல்லிக்கொள்ளும் சங்கம். படிப்பு முடிந்தாலும் அந்த உறவு முடியாது. ஜூடி சேர்ந்தது ஆல்ஃபா எப்சிலான் ஃபை. 1909இல் நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில் ஏழு யூத மாணவிகள் தொடங்கியது. யூதப் பெண்களைப் பல சங்கங்கள் வாசற்படி ஏற்றாத காலம் அது. சாத்திய கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல், தங்களுக்கென்று ஒரு வாசலைத் திறந்துகொண்டார்கள்.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லை. விஷயம் இருக்கிறது. ஒரு வாளியை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வது, பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூங்கிப்போனவளை உலுக்கி எழுப்புவது, ஊருக்குப் போய் வந்தவளின் பையில் முறுக்கைத் தேடுவது. அதே உறவுதான்.

1977இல் முனைவர் பட்டம். மறு வருஷம் நாசா தேர்ந்தெடுத்த 35 பேரில் ஆறு பெண்கள், அவர்களில் ஜூடி ஒருத்தி. முதல் பயணம் 1984இல், டிஸ்கவரி என்ற விண்கலத்தில். அந்த ஜூன் மாதம் எஞ்சின் ஓடத் தொடங்கி, புறப்படச் சில விநாடிகள் இருக்கும்போது நின்றுபோயிற்று. ஆகஸ்ட் 30ஆம் தேதி மறுபடியும் அதே இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மேலே போன பிறகு அந்த நீளமான சுருட்டை முடி எடையில்லாமல் நாலா பக்கமும் விரிந்து நிற்கும். ஒரு நாள் பெரிய சினிமா கேமராவின் பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. கூட இருந்தவர்கள் கத்திரிக்கோலால் வெட்டித்தான் அவளை விடுவித்தார்கள். தொலைக்காட்சியில் காட்டியபோது கையில் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். ‘ஹாய் டாட்’. விண்வெளிக்குப் போன இரண்டாவது அமெரிக்கப் பெண், உலகமே பார்க்கும்போது அப்பாவைத்தான் கூப்பிட்டாள்.

சேலஞ்சர் உடைந்த காரணம் நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ராக்கெட்டின் இணைப்பை அடைத்திருந்த, குளிரில் விறைத்த ரப்பர் வளையம், ஏவ வேண்டாம் என்று முதல் நாள் ராத்திரி மன்றாடிய பொறியாளர்கள், கேட்காத மேலதிகாரிகள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

கலம் உடைந்த அதிர்ச்சியிலேயே உயிர் போயிருக்க வாய்ப்பு குறைவு என்றது மருத்துவ அறிக்கை. கடலடியிலிருந்து, அவசரத்துக்கு மூச்சுவிட வைத்திருந்த காற்றுப் பெட்டிகளில் நான்கை எடுத்தார்கள். மூன்று திறந்திருந்தன. ஒன்று விமானி மைக்கேல் ஸ்மித்துடையது. அதன் விசை அவர் இருக்கைக்குப் பின்புறம் இருந்தது. பின்னால் இருந்தவர் கை நீட்டித்தான் அதைத் திறந்திருக்க வேண்டும் என்பது விவரம் தெரிந்தவர்களின் கணிப்பு. அந்த மேல்தளத்தில் பின்னால் இருந்தவர்கள் இரண்டே பேர். எலிசன் ஒனிசுகா, ஜூடி. இருவரில் யார் கை என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஒரு கை முன்னால் இருந்தவருக்காக நீண்டது. அது போதும் எனக்கு.

அவள் படித்த பல்கலைக்கழகத்தில் இன்று ஒரு மாணவர் விடுதிக்கு அவள் பெயர். ரெஸ்னிக் ஹவுஸ். யாருடைய பெயர் என்று தெரியாத பிள்ளைகளும் அங்கே தூங்கி எழுவார்கள்.

இதற்கு மேல் நான் பேசுவது சரியில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே, உங்கள் தோழியின் அறைத்தோழி, அவளிடம் மைக்கைக் கொடுக்கிறேன். வாம்மா. அழுதாலும் பரவாயில்லை, நின்று நின்று சொல்லு. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், எதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள், யாருடைய செருப்பைக் கேட்காமல் மாட்டிக்கொண்டு போவாள்?