பார்ப்போர் எங்கே இருப்பார்கள்?

வணக்கம் நேயர்களே. எழுத்துரு எதுவும் கையில் இல்லாமல், மாணவர்கள் தாங்களே கூடிக் கதைத்து, நடித்துப் பார்த்து, திருத்தித் திருத்தி ஆக்குகிற நாடகத்தை எப்படி அரங்கேற்றத் திட்டமிடுவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். வன்னிப் பாடசாலைகளில் இந்த வேலையோடேயே காலம் போக்கியவன் நான். பெரிதாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பார்ப்போர் எங்கே இருக்கப் போகிறார்கள் என்பதை முதல் கிழமையிலேயே முடிவு செய்யுங்கள்.

1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய காலத்திலிருந்து, களப்பயிற்சியும் அரங்க விளையாட்டும் எங்கள் பக்கத்து நாடகக்காரருக்குப் பழக்கமாகி வந்தன. இன்று எங்கள் பிள்ளைகளும் மரத்தடியில் வட்டமாக நின்று விளையாடுகிறார்கள். அதற்குள்ளிருந்து ஒரு காட்சி பிறக்கிறது. நல்ல காட்சி. பிறகு தமிழ்த்தினப் போட்டி நெருங்கியதும் எல்லோரையும் மண்டப மேடையில் ஏற்றி, "சனத்தைப் பார்த்துப் பேசு" என்கிறோம். மரத்தடியில் தாயின் முகத்தைப் பார்த்துச் சண்டை பிடித்த பிள்ளை, இப்போது தாயைப் பார்க்காமலே அதே வசனத்தைச் சொல்கிறது. காட்சி செத்துவிடுகிறது.

போட்டிக்கு மேடைதான் வேண்டும் என்றால், சரி. அந்த மேடையின் அளவை நிலத்தில் கோடு கீறி, தொடக்கத்திலிருந்தே அதற்குள் ஆக்குங்கள். போட்டி இல்லையென்றால் மண்டபத்தை மறந்துவிடலாம்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர் ஒன்றில், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கோடையில் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற சிறுபோகத்தைக் கதையாக எடுத்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் கமக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பங்கு பிரிப்பார்கள். பங்கு கிடைத்தாலும், வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவருக்குத் தண்ணீர் வந்து சேருமா என்பது வேறு கதை. பிள்ளைகள் வீட்டில் அப்பாமாரிடமும் அம்மம்மாமாரிடமும் கேட்டு வந்து செய்து பார்த்தார்கள். கூட்டத்து வாக்குவாதம், தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகான துருசடியில் இராக்காவல், வரம்புச் சண்டை எல்லாம் வந்தன. ஆனால் எங்கே வைத்து நடிப்பது?

ஒரு மாணவி சொன்னாள்: "சேர், நடுவில வாய்க்கால் விடுவம். சனம் ரெண்டு வரம்பிலயும் இருக்கட்டும்."

அதோடு நாடகம் பிடிபட்டுவிட்டது. மைதானத்து ஓரத்தில் நீளமாக ஒரு பாதை. இரண்டு பக்கமும் பாய். ஒரு தலைப்பில் துருசு. மற்றத் தலைப்பில் ஒரு கிழவர் மண்வெட்டியோடு குந்தியிருப்பார், தொடக்கம் முதல் முடிவு வரை. தண்ணீருக்கு ஒரு நீலச் சேலை. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு துருசிலிருந்து ஓடி வருவார்கள். வழியில் உள்ளவர்கள் மிதித்து நிறுத்துவார்கள், தங்கள் பக்கம் இழுப்பார்கள். கிழவரின் காலடிக்கு வருவது முந்தானைத் தலைப்பு மட்டும்.

பங்குக் கூட்டத்தை அவர்கள் வேண்டுமென்றே துருசுப் பக்கம் வைத்தார்கள். கடைசியில் இருந்த சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன கதைக்கினம்? எங்களுக்குக் கேக்கேல்லை" என்று ஒரு அம்மா சத்தம் போட்டார். கிழவராக நடித்த பெடியன் அவரைத் திரும்பிப் பார்த்து, "எங்களுக்கு எப்பவும் இப்பிடித்தான் அம்மா" என்றான். ஒத்திகையில் அந்த வசனம் இருக்கவில்லை. அந்த அம்மாவை அங்கே இருத்தியதால் வந்த வசனம் அது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், இடம் முதலில்.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. வட்டக்களரியில் கூத்துப் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுற்றிவரச் சனம் இருக்க, ஆடுகிறவர் நாலு பக்கத்துக்கும் முகம் கொடுத்துச் சுழன்று வருவார். முல்லைமோடி என்கிற பாணியில் ஆடும் கோவலன் கூத்துக்குப் பேர்போன முள்ளியவளை தூரத்திலா இருக்கிறது? பிள்ளைகளைக் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரிடம் அனுப்புங்கள். முதுகு தெரிந்தால் என்ன செய்வது என்று அவர்கள் ஆடியே காட்டுவார்கள்.

வெளியில் நடிப்பதென்றால் காற்றையும் வெயிலையும் பாருங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். நடிப்போர் காற்று வருகிற பக்கமும் சனம் காற்று போகிற பக்கமும் இருந்தால் குரல் போய்ச் சேரும். மாறி வைத்தால் கத்தினாலும் கேட்காது. ஆனால் அப்படி வைக்கும்போது சனம் மேற்கைப் பார்த்து இருக்க வேண்டி வரும், பின்னேர வெயில் கண்ணில் குத்தும். ஆகவே மேற்கே பெரிய மரம் நிற்கிற இடமாகத் தேடுங்கள். நாடகம் தொடங்குகிற அதே நேரத்தில் போய் நிலத்தில் இருந்து பாருங்கள். மாரியில் தகரக் கூரை மண்டபம் என்றால், மழைச் சத்தத்தில் வசனம் போய்விடும். மத்தளமும் உடம்பும் கதை சொல்கிற காட்சிகள் சில கையில் இருக்கட்டும்.

ஒளியமைப்பு, வேடஉடை பற்றி நிறையச் சொல்ல வந்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். விரைவாகச் சொல்கிறேன். கரண்டை நம்பி ஒரு காட்சியையும் கட்டாதீர்கள். காட்சி ஒழுங்கை அட்டையில் பெரிதாக எழுதி, பிள்ளைகள் காத்து நிற்கிற இடத்தில் தொங்கவிடுங்கள். மண்வெட்டியோ சேலையோ, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. கடைசி ஒத்திகைக்குக் கீழ்வகுப்புச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வந்து பாயில் இருத்துங்கள். அவர்கள் எந்த இடத்தில் எழும்பி எட்டிப் பார்க்கிறார்களோ, அந்த இடத்தில் பார்வை மறைக்கிறது, அன்றைக்கே மாற்றுங்கள். நன்றி, வணக்கம்.