இருட்டுக்குள் பிறக்கும் விண்மீன்

அவையில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

விண்மீன் பிறக்கும் இடத்தைக் காண வேண்டுமானால் முதலில் இருட்டைத் தேடுங்கள். பால்வெளியின் வெளிச்சத்தில் ஆங்காங்கே மை கொட்டியது போன்ற திட்டுகள் உண்டு. வானத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதோ என்றுகூட ஒரு காலத்தில் ஐயுற்றார்கள். உண்மையில் அங்கே வாயுவும் தூசியும் அடர்ந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசி மறித்துவிடுகிறது.

அந்த வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு. ஆனால் அது வாய் திறப்பதில்லை, அதாவது நமக்கு எட்டும்படி அலை வெளியிடுவதில்லை. அதன் இரு அணுக்களும் ஒரே மாதிரியானவை. மின்னூட்டத்தில் இப்பக்கம் அப்பக்கம் என்ற ஏற்றத்தாழ்வு இல்லை. வெப்பநிலையோ சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் அதைத் தட்டி எழுப்ப ஆற்றல் போதாது.

ஆகவே ஏறத்தாழ பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடை நாடுகிறோம். மெல்லிய மோதலே போதும். அது சுழன்று, 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் வானொலி அலையை வெளியிடும். அந்த அலை தூசியை ஊடுருவி வந்து சேரும். 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் அரிசோனாவின் கிட் பீக் வானாய்வகத்திலிருந்து ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். என்னைக் கேட்டால், விண்மீன் பிறப்பை ஆராயும் இத்துறைக்கு வாசல் திறந்ததே அப்போதுதான்.

அந்த அலை வாயுவின் வேகத்தையும் சொல்லும். வாயு நம்மை நோக்கி வந்தால் அலைநீளம் குறுகும், விலகினால் நீளும். 1980இல் ரிஷப மண்டலத்தின் எல்1551 மேகத்தை ஆராய்ந்தபோது, இளம் விண்மீனுக்கு ஒருபுறம் வாயு நம்மை நோக்கியும் மறுபுறம் நம்மைவிட்டு விலகியும் பாய்வது தெரிந்தது. ஈர்ப்பால் உள்ளே விழுந்து விண்மீனாகத் திரண்டுகொண்டிருக்க வேண்டிய இடத்தில் வாயு வெளியே பீறிடுகிறது! காரணம் உண்டு. விழும் பொருள் சுழற்சியையும் சுமந்து வருகிறது. அதில் ஒரு பங்கை வெளியேற்றினால்தான் மீதி விண்மீனில் சேர முடியும்.

மேகத்தின் குளிரும் அடர்த்தியும் மிகுந்த நடுப்பகுதியில் கார்பன் மோனாக்சைடும் தூசித் துகள்மேல் பனியாக உறைந்து மௌனமாகிவிடும். அங்கே இரண்டு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற மூலக்கூறு, கைகொடுக்கிறது. கார்பன் மோனாக்சைடு வாயுவாக உலவினால் இந்த அயனியை அழித்துவிடும். அது உறைந்த இடத்தில்தான் இது பெருகும்.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், சுமார் 5000 மீட்டர் உயரத்தில், 66 ஆன்டெனாக்களுடன் ஆல்மா என்ற வானொலித் தொலைநோக்கி நிற்கிறது. 2014இல் ஹெச்எல் டாரி என்ற இளம் விண்மீனைச் சுற்றியுள்ள தூசி வட்டில் வளையம் வளையமாக இருண்ட இடைவெளிகளை அது காட்டியது. கோள்கள் உழுத தடங்களா அவை? தூசியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வாயுவின் நடையைக் கவனிக்க வேண்டும். 2018இல் ஹெச்டி 163296 என்ற விண்மீனின் வட்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அதைச் செய்தன. சீராகச் சுற்ற வேண்டிய கார்பன் மோனாக்சைடு சில இடங்களில் சற்றே வழி பிசகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோள்கள் அதை இழுக்கின்றன என்பதே அவர்கள் கண்ட விளக்கம்.