நிறத்தை விடுங்கள், செதிலைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. திரையில் இருக்கும் இந்த இரண்டு படங்களையும் முதலில் நன்றாகப் பாருங்கள். இரண்டிலும் ஒரு பச்சைப் பாம்பு கிளையில் கிடக்கிறது, உடம்பை இரண்டு பக்கமும் வளையம் வளையமாகத் தொங்கவிட்டு, தலையைச் சரியாக நடுவில் வைத்துக்கொண்டு. முதுகில் வெள்ளைத் தீற்றல்கள். ஒரே பாம்பை இரண்டு கோணத்தில் எடுத்த படம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இடது பக்கம் இருப்பது அமேசான் காட்டின் மரகதப் போவா. வலது பக்கம் இருப்பது நியூ கினியிலும் ஆஸ்திரேலியாவின் வடமுனையிலும் வாழும் பச்சை மர மலைப்பாம்பு. நடுவில் ஒரு பெருங்கடலே இருக்கிறது. முதலாவது குட்டி போடும், இரண்டாவது முட்டையிட்டு அதைச் சுற்றிச் சுருண்டு அடைகாக்கும். இரண்டும் வெவ்வேறு குடும்பம்.

அப்படியென்றால் எதை வைத்துப் பிரிப்பது? உதட்டை. இரண்டுக்குமே உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. போவாவுக்கு அந்தக் குழி இரண்டு செதில்களுக்கு இடையில் இருக்கும், மலைப்பாம்புக்குச் செதிலுக்குள்ளேயே இருக்கும். அவ்வளவுதான். பச்சை நிறமும் வெள்ளைத் தீற்றலும் தொங்குகிற விதமும் மழைக்காட்டு மரக்கிளை கொடுத்தவை. அந்தக் கிளையில் இரைக்காகக் காத்துக் கிடக்கிற எந்தப் பாம்புக்கும் அவை உதவும். உதட்டுக் குழி எங்கே இருக்கிறது என்பது மட்டும் பாட்டன் வழி வந்தது. இன்று நான் பேசப்போவது முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: ஓர் ஊர்வன எங்கே வாழ்கிறது என்பதை அதன் மேல்தோற்றம் சொல்லிவிடும், ஆனால் அது யாருடைய பிள்ளை என்று தெரிய இமை, காது, பல், வயிற்றுச் செதில் மாதிரி நாம் கவனிக்காத சின்ன இடங்களுக்குப் போக வேண்டும்.

எளிதான ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். கால் இல்லை, நீளமாக இருக்கிறது, நெளிகிறது. பாம்பா? அவசரப்பட வேண்டாம். மண்ணுக்குள்ளும் அடர்ந்த புல்லுக்குள்ளும் வாழ்கிறவற்றுக்குக் கால் ஒரு தொந்தரவு, அதனால் பல்லி இனங்களில் பல குடும்பங்கள் தனித்தனியாகக் காலை இழந்திருக்கின்றன. ஐரோப்பாவில் இருக்கும் மெதுப்புழு என்ற விலங்கு புழுவும் இல்லை, பாம்பும் இல்லை, காலில்லாப் பல்லி. அது கண்ணை மூடித் திறக்கும். பாம்பால் அது முடியாது, பாம்பின் கண்மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது. ஆக, இமைத்தால் அது பாம்பு இல்லை. மெதுப்புழுவைப் பிடித்தால் வாலை ஒடித்துப் போட்டுவிட்டு ஓடும். வயிற்றைப் பார்த்தால் பெரும்பாலான பாம்புகளுக்கு இருப்பது போல அகலமான ஒற்றை வரிசைத் தகடுகள் இருக்காது, சின்னச் செதில்கள் பல வரிசையாக இருக்கும்.

சரி, இமையை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடலாமா என்றால் ஆஸ்திரேலியாவின் பைகோப்போடிடே குடும்பம் குறுக்கே வந்து நிற்கிறது. காலும் கிடையாது, இமையும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் இது, ஏனென்றால் இது தன் உறவை ஒரு பழக்கத்தில் காட்டிக்கொடுக்கிறது. நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும். பாம்பின் பிளந்த மெல்லிய நாக்கு இல்லை அது, தட்டையான அகன்ற நாக்கு. கண்ணை நக்கும் வேறு யாரை நமக்குத் தெரியும்? சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியைத்தான். காலில்லாத இந்த விலங்கு அந்தப் பல்லியின் நெருங்கிய சொந்தம்.

சுவர்ப்பல்லி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒட்டும் விரல்கள். ஒரு பாதத்தில் மட்டும் இலட்சக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன, அவை பரப்போடு மூலக்கூறு அளவில் ஈர்ப்பை உண்டாக்குகின்றன, பசையோ உறிஞ்சுதலோ எதுவும் இல்லை என்று 2002-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் விரல் ஒட்டும் என்பதை மட்டும் அடையாளமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுத்தைப் புள்ளிகளோடு வறண்ட பாறை நிலத்தில் வாழும் ஒரு பல்லி இருக்கிறது. தரையில் நடப்பதால் அதற்கு ஒட்டும் விரலே கிடையாது, அதோடு சுவர்ப்பல்லிக்கு இல்லாத இமையும் உண்டு. அதனால் அதற்குத் தனிக் குடும்பம்.

அப்புறம், தமிழில் நமக்கு ஒரு பெரிய குழப்பம் உண்டு. ஓணானின் தலை இனப்பெருக்கக் காலத்தில் சிவந்தால் உடனே "பச்சோந்தி" என்று சொல்லிவிடுகிறோம். நிறம் மாறுவது இரண்டுக்கும் பொது, அதனால் நிறம் இங்கே ஒன்றுக்கும் உதவாது. பாதத்தைப் பாருங்கள். ஓணானுக்கு விரல்கள் தனித்தனியாக, நகத்தோடு நீண்டிருக்கும், ஓடுவதற்கும் ஏறுவதற்கும் ஏற்றபடி. பச்சோந்திக்கு விரல்கள் இரண்டாகவும் மூன்றாகவும் சேர்ந்து ஒட்டி, இடுக்கி மாதிரி மெல்லிய கிளையைக் கவ்விப் பிடிக்கும். கண்கள் கூம்பாக எழுந்து தனித்தனியே சுழலும், வால் நுனி சுருளும். உலகத்துப் பச்சோந்திகளில் ஏறத்தாழ பாதி மடகாஸ்கரில் மட்டும் இருக்கின்றன. இப்படி எல்லாமே வேறாக இருந்தும் வாயைத் திறந்தால் உறவு தெரிந்துவிடும்: ஓணான், பச்சோந்தி இரண்டுக்கும் பல் தாடையின் விளிம்பின் மேலேயே ஒட்டி வளர்கிறது. அமெரிக்காவின் இகுவானா வெளியே பார்க்க ஓணானின் பெரியப்பா மாதிரி இருக்கும், ஆனால் அதன் பற்கள் தாடையின் உள்பக்கத்தில் பதிந்திருக்கும், விழுந்து விழுந்து முளைக்கும். அது வேறு கிளை.

அரணையை அடையாளம் காண்பது எளிது. எண்ணெய் பூசினாற்போல மின்னும் வழுவழுப்பான செதில்கள், கழுத்து எங்கே முடிகிறது உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத உருளை வடிவம், குட்டைக் கால்கள். சருகுக்கும் மண்ணுக்கும் அடியில் வழுக்கிக்கொண்டு போகிற உடம்பு அது. பல்லி இனங்களிலேயே மிகப் பெரிய குடும்பம், 1,700 இனங்களுக்கு மேல். உடும்பை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நீண்ட கழுத்தும் பாம்பைப் போல ஆழமாகப் பிளந்த நாக்கும் போதும்.

இந்த வரிசையில் ஒரு விலங்கை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். நியூசிலாந்தின் டுவாட்டரா. பார்த்தால் ஓணான்தான், முதுகில் முள் வரிசைகூட இருக்கிறது. முதலில் அறிவியலாளர்களும் பல்லி என்றே எழுதினார்கள். 1867-இல் ஆல்பர்ட் குந்தர் அதன் எலும்புக்கூட்டை ஆராய்ந்து இது பல்லியே இல்லை என்று சொன்னார். மேல்தாடையில் இரண்டு வரிசைப் பல், கீழ்வரிசை அந்த இரண்டுக்கும் நடுவில் போய்ப் பொருந்தும். வெளிக்காதுத் துளை கிடையாது. அது சேர்ந்த ஊர்வனப் பிரிவு முழுவதிலும் இன்று உயிரோடு இருப்பது அந்த ஒரே இனம், மற்ற சொந்தங்கள் பெரும்பாலும் டைனோசர் காலத்துப் பாறைகளில் கிடக்கின்றன. பல்லைப் பார்க்காமல் விட்டிருந்தால் இது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஆமைகளில் காலைப் பார்த்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். யானைக்கால் மாதிரி தூண் போன்ற கால், குவிந்த ஓடு என்றால் நிலத்தாமை. விரலிடைச் சவ்வு, தோல் போர்த்திய தட்டை ஓடு, குழாய் மாதிரி நீண்ட மூக்கு, ஒவ்வொரு காலிலும் மூன்று நகம் என்றால் மென்னோட்டாமை, ஆற்று மணலில் புதைந்துகொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டும். துடுப்பு என்றால் கடலாமை. அதிலும் ஓட்டில் தகடுகளே இல்லாமல் முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்புகள் ஓடினால் அது தோலாமை, அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. தலையைப் பின்னோக்கி இழுக்காமல் கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து வைக்கும் ஆமைகளை ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியாப் பக்கம் பார்க்கலாம்.

முதலைக்கு மூக்கின் அகலத்தை வைத்துத்தான் எல்லோரும் சொல்வார்கள்: கூம்பினால் முதலை, அகன்று வட்டமாக இருந்தால் அலிகேட்டர். ஆனால் நன்னீரில் வாழும் சதுப்பு முதலைக்கு மூக்கு அலிகேட்டர் அளவுக்கு அகலம். அதனால் வாய் மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல்லைத் தேடுங்கள். முதலைக் குடும்பத்தில் அது வெளியே தெரியும், அலிகேட்டருக்கு மேல்தாடைக்குள் மறைந்துவிடும்.

இப்போது பாம்புகள். இங்கே தவறான அடையாளத்துக்கு உயிரே விலையாகப் போகிறது, ஒன்று மனிதனுடையது, இல்லாவிட்டால் பாம்பினுடையது. "முக்கோணத் தலை என்றால் விஷம், உருண்டைத் தலை என்றால் விஷமில்லை" என்று பலரும் நம்புகிறார்கள். இதை நான் எவ்வளவு அழுத்தமாக மறுத்தாலும் போதாது. முக்கோணத் தலையும் நெட்டுக்குத்தான கண்மணியும் விரியன் குடும்பத்தின் அடையாளம்தான், ஆனால் ஆபத்தில்லாத பூனைக்கண் பாம்புக்கும் அகன்ற தலையும் அதே கண்மணியும் உண்டு. தண்ணீர்ப் பாம்பு பயந்தால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும். மறுபக்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், பவளப்பாம்பு எல்லாம் இருக்கும் எலாப்பிடே குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒடுங்கிய தலை, வட்டக் கண்மணி, சாதுவான முகம். கட்டுவிரியன் என்ற பெயரில் விரியன் இருந்தாலும் அது விரியன் குடும்பமே இல்லை.

அந்தக் கட்டுவிரியனையும் ஓநாய்ப் பாம்பையும் நான் ஆரம்பத்தில் திரும்பத் திரும்பக் குழப்பியிருக்கிறேன். இரண்டும் இரவில் நடமாடும், இரண்டுக்கும் கருமை உடம்பில் வெள்ளைப் பட்டை. பட்டைகளை எண்ணிப் பயனில்லை, தேய்ந்தும் மங்கியும் போயிருக்கும். முதுகுத்தண்டின் மேல் ஓடும் நடுவரிசைச் செதில்களைப் பாருங்கள். கட்டுவிரியனுக்கு அவை பக்கத்தில் இருப்பவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும், ஓநாய்ப் பாம்புக்கு எல்லாம் ஒரே அளவு. இன்னொன்று, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே கன்னத்தில் ஒரு தனிச் செதில். ஓநாய்ப் பாம்பு சேர்ந்த கொலுப்ரிடே என்ற பாம்புக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்டு, எலாப்பிடேக்குக் கிடையாது. இதெல்லாம் தள்ளி நின்று எடுத்த நல்ல படத்தில் பார்க்க வேண்டியவை. உயிருள்ள பாம்பின் பக்கத்தில் குனிந்து பார்க்க யாரும் போகக் கூடாது. அடையாளம் தெரியாவிட்டால் விலகிப் போய்விடுங்கள்.

வாழிடமும் உடம்பும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பார்க்கப் பாம்பின் வயிற்றைப் போல நல்ல இடம் வேறில்லை. தரையில் ஊரும் பாம்புக்கு அகன்ற வயிற்றுத் தகடுகள், அவற்றை ஊன்றித்தான் அது முன்னே நகர்கிறது. மண்ணுக்குள் வாழ்ந்து எறும்பு, கரையான் முட்டைகளைத் தின்னும் புழுப்பாம்புக்கு ஊன்ற வேண்டிய தேவையில்லை, சுற்றிலும் மண். அதனால் வயிறும் முதுகும் ஒரே செதில், கண்ணும் செதிலுக்கு அடியில் ஒரு புள்ளி. கடற்பாம்புக்கு வால் துடுப்பாகத் தட்டையாகிவிட்டது, பெரும்பாலான இனங்களில் வயிற்றுத் தகடுகள் சுருங்கிக் காணாமல் போய்விட்டன, கரைக்கு வந்தால் ஊர முடியாமல் தவிக்கும். ஆனால் கடல் கட்டுவிரியன்கள் முட்டையிடக் கரையேற வேண்டும், ஆகவே அவற்றுக்குத் துடுப்பு வாலும் உண்டு, அகன்ற வயிற்றுத் தகடும் உண்டு. ஒரு பாம்பின் வயிற்றை வைத்தே அது கரைக்கு வருமா வராதா என்று சொல்லிவிடலாம் என்பதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதையெல்லாம் ஆபத்தில்லாமல் எங்கே பழகுவது என்று கேட்பீர்கள். பாம்பு உரித்த சட்டையில். பல்லி இனங்கள் பெரும்பாலும் தோலைத் துண்டு துண்டாக உதிர்க்கும், சில பல்லிகள் அதைத் தின்றும் விடும். பாம்பு முழுச் சட்டையாகக் கழற்றும், காலுறையைக் கழற்றுவது போல உள்பக்கம் வெளியே திரும்பி இருக்கும். கொஞ்சம் நனைத்து மெதுவாக விரித்து ஒரு காகிதத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நீளத்தை நம்ப வேண்டாம், கழற்றும்போது தோல் இழுபட்டு நீண்டிருக்கும். தலைப்பகுதி கிடைத்தால் கண்மேல் இருந்த அந்தக் கண்ணாடிச் செதில் அப்படியே இருக்கும். உச்சந்தலையில் பெரிய தகடுகள் ஒழுங்காக இருக்கின்றனவா, இல்லை பல விரியன்களைப் போலப் பொடிப்பொடியான செதில்களா என்று பாருங்கள். முதுகுச் செதிலின் நடுவே மேடு ஓடுகிறதா, வழுவழுப்பா? நடு உடம்பில் குறுக்காகச் செதில் வரிசைகளை எண்ணுங்கள், பெரும்பாலும் ஒற்றைப்படையில் வரும். கடைசியாக வாலின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே தகடுகள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கின்றனவா, ஒற்றையாகவா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓநாய்ப் பாம்புக்கு இரட்டை, கட்டுவிரியனுக்கு ஒற்றை.